உடைமையும் வாத்தியமும்

சேர்ப்பதற்குச் செலவு இருந்தவரை கழிப்பது ஒரு பிரச்னையாக இருந்ததில்லை. காசு தீர்கிற இடத்தில் தேர்வும் முடிந்துவிடும். இன்று இசைக்காரன் ஒருவனுக்கு வாத்தியங்கள் ஏறக்குறையச் சும்மா கிடைக்கின்றன. தோள்பையில் அடங்குகிற ஐபேட் ஒன்றுக்குள் முப்பது நாற்பது ஸிந்தஸைஸர்களை வைத்துக்கொண்டு, எதைப் போக்குவது, எதை வைத்துக்கொள்வது என்று அவன் திண்டாடுகிறான். இது விளையாட்டுச் சாமான் விவகாரம், இதில் ஒழுக்கவியலுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். படிக்கிற வேகத்தைவிட அதிக வேகத்தில் புத்தகம் சேர்க்கிற நாம் அப்படிக் கேட்காமலிருப்பது நல்லது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். மின் அலையை உண்டாக்கி, அதைச் சீவியும் வளைத்தும் ஒலியாக்குகிற கருவி ஸிந்தஸைஸர். 1970ல் வந்த மினிமூக்கில் மூன்று ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், ஒரு சமயத்தில் ஒரே ஸ்வரம். விலை 1,495 டாலர். 1983ல் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்தது. ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை ஆட்டிவைக்கிற முறை அதற்கு ஆதாரம். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967ல் கண்டுபிடித்தது. 1986ல் புன்னகை மன்னனுக்கு இளையராஜா கணினியை வைத்து இசையமைத்ததும், 1992ல் ரோஜா வந்ததும் நமக்குத் தெரிந்த கதை. 2010ல் ஐபேட் வந்தது. அதே வருஷம் கோர்க் கம்பெனி தன்னுடைய 1978ஆம் வருஷத்து எம்எஸ்-20ஐ அதற்குள் ஆப்பாக இறக்கியது. மூக் கம்பெனி 2011ல் அனிமூக் என்று ஒன்றும், 2018ல் மினிமூக்கையேயும் ஆப்பாகக் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் உலகம் வீட்டுக்குள் அடைபட்டபோது அந்த மினிமூக் ஆப்பைச் சில நாட்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். ஐம்பது வருஷத்தில் 1,495 டாலர் பூஜ்யமாகிவிட்டது.

சங்கரன்கோவிலில் எனக்குத் தெரிந்த ஒருவர் இன்னிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறார். கொடை, கல்யாண வரவேற்பு, ஆடித்தபசு சமயத்தில் மேடைக் கச்சேரி என்று பிழைப்பு. துபாயிலிருந்து வந்த மச்சான் கொடுத்துவிட்டுப் போன பழைய ஐபேட் ஒன்று அவரிடம் உண்டு. (ஆண்ட்ராய்டு போன்களில், அதுவும் பழைய போன்களில், திரையைத் தொடுவதற்கும் ஒலி வருவதற்கும் நடுவே தாளம் தப்புகிற அளவுக்கு இடைவெளி விழும். ஆகவே இந்த ஆப்களில் அநேகம் ஐபேடை நம்பியே பிறந்தவை.) திருநெல்வேலி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொந்தமாக மெட்டுப் போடுவார். ஐபேடில் இடம் நிறைந்துவிட்டது, குறைக்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தபோது சில ஞாயிற்றுக்கிழமைகள் நானும் கூட உட்கார்ந்திருந்தேன்.

எண்ணிப் பார்த்ததில் முப்பத்தெட்டு. அவற்றில் பன்னிரண்டுக்கு மேல் மினிமூக்கின் சாயல்கள். திருகுகளின் படம்தான் வேறு வேறு. உள்ளே அதே மூன்று ஆஸிலேட்டர், அதே ஃபில்டர். எல்லாவற்றிலும் ஐந்நூறு அறுநூறு தயார் ஒலிகள். ஒன்றைத் தொட்டுக் கேட்பது, அடுத்ததைத் தொட்டுக் கேட்பது, இப்படியே தென்காசி வரை போய்த் திரும்பலாம். இரண்டு வருஷத்தில் அவர் முடித்த மெட்டுகள் ஏழோ எட்டோ. அத்தனையும் இரண்டே ஸிந்தஸைஸர்களில் செய்தவை. ஒரு ஆப்பைக் காட்டி, 'இது எதுக்கு தம்பி?' என்றேன். 'சும்மா கெடக்கட்டும் அண்ணாச்சி, அது என்ன சோறா கேக்குது?' என்றார்.

இந்தப் பதிலை வெகு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதற்குச் சுலபமான எதிர்ப்பதில் ஒன்று தயாராக இருக்கிறது. எல்லையே கலைக்கு விடுதலை என்பது அது. 1939-40ல் ஹார்வர்டில் நிகழ்த்திய உரைகளில் ஸ்ட்ராவின்ஸ்கி இதைச் சொன்னார். எதுவும் செய்யலாம் என்ற நிலை தனக்குத் திகில் தருகிறது, சட்டகம் குறுகக் குறுகத் தன் கை விடுபடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஸானட் என்கிற பதினாலு வரிச் சிறையைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் ஸானட்டிலேயே எழுதினார். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு இவையெல்லாம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். ஆனால் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் இவற்றை எடுத்து நீட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஸ்ட்ராவின்ஸ்கிக்கு வேண்டும்போது முழு ஆர்க்கெஸ்ட்ரா கிடைத்தது. எங்கள் பக்கத்து இன்னிசைக் குழுக்களில் ஒரு தலைமுறைக்கு முன்னால் கீபோர்டே வாடகைக்கு எடுத்த ஒன்றுதான். விடிவதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறப்பும் தெருவும் ஒருவனுடைய வாத்தியத்தைத் தீர்மானித்த ஊர்களிலிருந்து வருகிறவர்கள் நாம். நாதஸ்வரம் இன்ன வீட்டுக்கு, பறை இன்ன வீட்டுக்கு, வீணை இன்ன வீட்டுக்கு. அந்தக் குறுகலை யாரும் கலைஞனின் சுதந்திரம் என்று பாடியதில்லை. முதல் தடவையாக எல்லா ஒலியும் கைக்குக் கிடைத்த ஒருவரிடம் போய் எளிமையை உபதேசிப்பது வயிறு நிறைந்தவன் விரதம் சொல்வது போல.

ஆகவே எண்ணிக்கையை வைத்து இதைப் பேச முடியாது. முப்பத்தெட்டு பாவம், மூன்று புண்ணியம் என்று எந்தக் கணக்கும் இல்லை.

கர்நாடக ஸங்கீதத்திலேயே பெருக்கத்தின் உதாரணம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களைக் கணக்குப் போட்டு வகுத்தார். அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்தவை 19 என்று அவரே சொல்லிவிட்டார். மீதி 53 வெறும் சாத்யங்கள். அவற்றை யாரும் வேண்டாத பாரம் என்று தூக்கிப் போடவில்லை. பின்னால் வந்த வாக்கேயக்காரர்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் விளக்கேற்றினார்கள். உபயோகிக்காதது எல்லாம் வீண் என்ற வாதம் இங்கே உடைந்துபோகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 72 மேளமும் ஒரே கட்டம். பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களின் தர்க்கம் பிடிபட்டால் மொத்தத்தையும் மண்டைக்குள் வைத்துக்கொண்டு நடக்கலாம். ஒரு ராகத்தில் பட்ட பாடு இன்னொன்றுக்கு உதவும். முப்பத்தெட்டு ஆப்கள் முப்பத்தெட்டு கம்பெனிக்காரர்களின் மனப்போக்கு. ஒன்றில் விரலை மேலே இழுத்தால் ஒலி திறக்கும். இன்னொன்றில் அதே அசைவு ஸ்வரத்தை வளைக்கும். மூன்றாவதில் ஒன்றும் நடக்காது. ஒவ்வொன்றும் தனியாக ஒரு சிட்சை கேட்கிறது. தம்பி சொன்னதுபோல் அது சோறு கேட்கவில்லை என்பது உண்மை. அது கேட்பது சாதகம். சாதகத்துக்கு மட்டும் இன்னும் விலை குறையவில்லை.

இங்கேதான் பிரச்னையின் முடிச்சு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆப்பைப் போக்குவதில் தியாகம் எதுவும் கிடையாது. ஒரு தடவை வாங்கியது கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். இன்று அழித்ததை நாளைக்குக் காசில்லாமல் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். திரும்பி வருகிறதைத் துறப்பதற்குத் துறவு என்று பெயரில்லை. எங்கள் ஊரில் பாம்பாட்டிச் சித்தரின் சமாதி இருக்கிறது என்று சொல்கிறார்கள். துறவுக்குப் பேர்போன மனிதர். அவர் பாட்டுகளை எடுத்துப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம் தருவது துறவைவிட, பாட்டுக்குப் பாட்டு பாம்பை ஆடச் சொல்லி முடிகிற அந்த ஒரே முடிப்புதான். நையாண்டி, தத்துவம், உடம்பின் மேல் அருவருப்பு, ஆகாயத்தில் பறக்கிற ஜம்பம், எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாகவே வெளியே போகின்றன. மற்ற முடிப்புகளை எல்லாம் பரிசீலித்துவிட்டு இதைத் தேர்ந்தார் என்று நான் நம்பவில்லை. இதிலேயே போய்க்கொண்டிருந்தார், அவ்வளவுதான், மற்றவை பின்தங்கிவிட்டன.

நாதஸ்வரத்தில் விரல் வைக்கிற துளைகள் ஏழு. மீதியைப் பாதி மூடுகிற விரலும் மூச்சும் சீவாளியைக் கடிக்கிற உதடும் செய்கின்றன. டி. என். ராஜரத்தினம் பிள்ளை, உச்ச சுருதித் திமிரியை விட்டு நீண்ட பாரி நாயனத்துக்கு வந்தார். இந்த மாற்றத்தை ரசனை வித்தியாசம் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. திமிரியில் வருஷக்கணக்காக வாசித்து, அது எங்கே தனக்கு இடம் தரவில்லை என்று உதட்டால் அறிந்தவரின் முடிவு அது. அவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் 1962ல் கொஞ்சும் சலங்கை படத்தில் ஜானகியின் குரலோடு வாசித்ததை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த வாசிப்பில் எத்தனை தினுசு ஒலி இருக்கிறது என்று எண்ண உட்கார்ந்தால் ஆயிரம் தயார் ஒலிகளின் பட்டியல் வெட்கப்படும். இதைச் சொல்வதால் ஸிந்தஸைஸர் மட்டம் என்று ஆகாது. டிஎக்ஸ்7ஐ உள்ளே போய்த் திருத்துவது மிகவும் கஷ்டம். வாங்கியவர்களில் பெரும்பாலோர் கம்பெனி வைத்த ஒலிகளையே வாசித்துவிட்டுப் போனார்கள். பிரையன் ஈனோ அதிலேயே தங்கி, அதன் உள்வழிகளைக் கற்றுக்கொண்டு, புதிது புதிதாக வாத்தியங்கள் வந்த பிறகும் அதை விடாமல் இருந்தார். ராஜரத்தினம் பிள்ளை விட்டார், ஈனோ விடவில்லை. இரண்டும் ஒரே காரியம் என்பேன். இரண்டு பேருக்கும் எதை விடுகிறோம், எதில் இருக்கிறோம் என்று தெரிந்திருந்தது.

வெளியிலிருந்து வந்து குவிகிற வாத்தியங்களில் தேர்வு எப்படி நடக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே பெரிய சரித்திரம் உண்டு. கோவில்பட்டியைத் தாண்டிப் போனால் எட்டயபுரம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835ல் காலமானது அங்கே. அவர் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். சென்னைப் பக்கம் இருந்த காலத்தில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக ஸங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். அண்ணன் பேண்டு மெட்டுகளை எடுத்து அவற்றுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் எழுதினார். தம்பி வாத்தியத்தையே எடுத்தார். பேண்டில் ஊதுகிறவையும் அடிக்கிறவையும் எத்தனையோ இருந்தன. (கிளாரினெட்டும் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டது, அது வேறு கதை.) வயலினை எடுத்தார் என்றால் கடையில் பொருள் எடுப்பதுபோல் எடுக்கவில்லை. நான்கு தந்திகளின் சுருதி ஸ-ப-ஸ-ப என்று மாறியது. நின்று வாசித்தது உட்கார்ந்தது. தலைப்பக்கம் கணுக்காலுக்கு இறங்கிற்று. விரல் குத்துவதை விட்டு வழுக்கக் கற்றது. கமகத்துக்கு இடம் கொடுக்கிற வரை வளைத்தார்கள், கொடுத்தது, நிலைத்தது. அதே எட்டயபுரத்தில் 1904ல் சுப்பராம தீக்ஷிதர் ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினியை அச்சிட்டபோது கமக வகை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி போட வேண்டியிருந்தது. ஸ்வரம் என்பது ஒரு கட்டையை அமுக்கினால் வந்து நிற்கிற புள்ளி என்று நினைக்கிற எந்தக் கருவிக்கும் அந்தக் குறிகள் புரியாது.

இந்த நியாயத்தை இன்னொருவன் மேல் சட்டமாக ஏற்றினால் என்ன ஆகும் என்பதும் நடந்து பார்த்த விஷயம். 1940ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கிவைத்தது. 1971 வரை தடை நீடித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். ஹார்மோனியம் கமகம் பேசாது, அதன் ஸ்வர ஸ்தானங்கள் நம் ஸ்ருதியோடு ஒட்டாது என்கிற விமரிசனம் சரியானது. நானே அதை ஏற்கிறேன். ஆனால் விமரிசனம் சுற்றறிக்கையாக மாறியதும் அதன் குணமே கெட்டுவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் நாடகங்களின் மேடையிலும் மார்கழி பஜனையிலும் ஹார்மோனியம் இல்லாமல் நகர முடியாது. அந்த ஜனங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒருவன் தன் காதுக்காகச் செய்துகொள்கிற கழித்தலும், ஸ்தாபனம் மற்றவர்கள் காதுக்காகச் செய்கிற கழித்தலும் பார்வைக்கு ஒரே காரியமாக இருக்கும். நம் விமரிசகர்களில் சிலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தங்களுக்கு வேண்டாத கவிஞர்களைத் தமிழுக்கே வேண்டாதவர்கள் என்று எழுதிவருவது ஒரு பக்க விளைவு.

மறுபடியும் ஐபேடுக்கு. சாயல்கள் முதலில் போயின. மினிமூக்கை மட்டும் வைத்துக்கொண்டார். டிஎக்ஸ்7 வழியில் ஒன்று, கேக்யூ டிக்ஸி என்று பெயர். 2016ல் வந்த ஜியோஷ்ரெட் போகக்கூடாது என்று நான் சொன்னேன். அதில் கட்டைகள் கிடையாது. கண்ணாடி மேல் விரல் வழுக்கினால் ஸ்வரமும் வழுக்கும்; மகேஷ் ராகவன் அதை வைத்து ஐபேடில் கர்நாடக ஸங்கீதமே வாசித்துக் காட்டியிருக்கிறார். பாலுஸ்வாமி வயலினுக்குச் செய்ததன் இன்றைய வடிவம் இதில் இருப்பதாக எனக்கு ஒரு நம்பிக்கை. அவர் வைத்துக்கொண்டார், ஆனால் என் காரணத்துக்காக இல்லை. புல்லாங்குழல் பகுதிகளுக்கு உதவும் என்றார்.

தகராறு வந்தது நாதஸ்வர ஒலிகள் உள்ள ஆப்பில். யாரோ ஒரு வித்வான் தனித்தனியாக ஊதிக்கொடுத்த ஸ்வரங்களைப் பதிந்து கட்டைகளுக்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமுக்குகிறபோதெல்லாம் அதே மூச்சு, அதே எடுப்பு. கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை மேடை ஏறும்போது குழுக்காரர்கள் இதில்தான் வாசிக்கிறார்கள். முன்பு அந்த இடத்தில் நாலு பேர் கொண்ட ஒரு மேள செட்டு உட்கார்ந்திருக்கும். இப்போது முகூர்த்தத்துக்கு மட்டும் அவர்களைக் கூப்பிட்டுவிட்டு, வரவேற்பை ஐபேடிடம் விட்டுவிடுகிறார்கள். இதைப் போக்கிவிடலாமே என்றேன். 'நான் போக்கிட்டா அடுத்த குழுக்காரன் வாசிப்பான் அண்ணாச்சி. எனக்குத்தான் பார்ட்டி போகும்' என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒருவர் பிழைப்பை இன்னொருவர் பிழைப்பு தின்கிறபோது, மாதச் சம்பளக்காரன் நடுவில் நின்று நீதி சொல்ல முடியாது. அந்த ஒலி எனக்குப் பிடிக்கவில்லை, அதில் மூச்சு செத்திருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். அவருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் வாசிக்கிறார். வைத்துக்கொண்ட ஆப்களில் அவருக்குச் சங்கடம் கொடுக்கிற ஒன்று அது மட்டுமே.

வைத்துக்கொண்டது என்கிறேன். அந்த வார்த்தையும் இங்கே சரியாக ஒட்டுவதில்லை. 2017ல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் ஆப்கள் அதில் திறக்கவில்லை. செய்தவர்கள் திருத்திக் கொடுத்தவை பிழைத்தன. கம்பெனி மூடியவையும் ஆள் சலித்துப்போனவையும் ஒரே நாளில் ஊமையாயின. அவற்றில் போட்ட மெட்டுகளும் கூடப் போயின. தஞ்சாவூரில் வீணை செய்த ஆசாரி இறந்துவிட்டால் வீணை வாசிப்பதை நிறுத்துவதில்லை. காசு கொடுத்து வாங்கினாலும் இந்த வாத்தியங்களில் நாம் குடியிருப்பவர்கள், சொந்தக்காரர் வேறு. இதைப் பார்த்த பிறகு உடைமை என்ற நோக்கிலிருந்து கழித்தலைப் பேசுவதே அர்த்தமற்றது என்று தோன்றிற்று. ஆப் சாகலாம். ஃபில்டரை எவ்வளவு மூடினால் ஒலி தொண்டைக்குள் போகும், எந்த வேகத்தில் திறந்தால் அது வார்த்தைபோல் ஆகும் என்று கை அறிந்தது அடுத்த கருவிக்குக் கூடவே வரும். ஒரு இனத்துக்கு ஒன்று போதும் என்று அவர் வைத்த விதியில் எனக்குப் பட்ட நியாயம் இதுதான். அந்த ஒன்று எந்தக் கம்பெனியுடையது என்பது அவ்வளவு முக்கியமில்லை.

முப்பத்தெட்டு ஆறாயிற்று. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது ஒன்பது. ஏதோ தள்ளுபடி என்றார், சிரித்தார்.

அந்த ஆறில் கடைசியாக வந்தது போர்டர்லேண்ட்ஸ் என்கிற ஆப். 2012ல் வந்தது. பதிந்த ஒலியைத் தானியம் தானியமாக உடைத்து, நீட்டி, கலைத்துப் போடும். அதில் தயார் ஒலியை விட்டுவிட்டுத் தெருவில் ஓடுகிற விசைத்தறிச் சத்தத்தைப் பதிந்து போட்டிருந்தார். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழாது, நின்றால்தான் விழும். நாடாவின் தடதடப்பை நீட்டிக்கொண்டே போனதில் அது கரைந்து, அடியிலிருந்து மோட்டாரின் ரீங்காரம் மேலே வந்தது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதன் இரட்டிப்பு 100. ஸ்ருதிக் கணக்கில் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே. ஊரில் எல்லாத் தறிக்கும் ஒரே மின்சாரம் என்பதால் எல்லாத் தெருவும் அந்த ஒரே ஸ்ருதியில்தான் முனகுகிறது. அவருடைய மற்ற வாத்தியங்கள் எல்லாம் சரியாக ஐந்து கட்டையில் நிற்கின்றன. இதோடு சேராமல் கரகரக்கின்றன. தறியை இறக்குவதா, மற்றவற்றை ஏற்றுவதா என்று கேட்டார். ஏற்றலாம் என்றேன். ஒன்பதில் நான்கு ஆப்களுக்கு அந்த நூலளவு ஏற்றம் வரவில்லை.